உள்ளங்கைச் சூட்டில் உருகிய உலோகம்

பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய அவைத் தலைவர் அவர்களே! கார்டர்ஸ் மில் ஊரின் தன்னார்வத் தீயணைப்புப் படையைத் தலைமையேற்று நடத்துகிறவரும், எரிகிற வீட்டுக்குள் அஞ்சாமல் நுழைகிறவரும், எரிகிற அடுப்பின்மேல் இருக்கும் ஸ்டூ குழம்பை மட்டும் வருடாவருடம் அடிபிடிக்க விட்டுவிடுகிறவருமான டூயி லாசிட்டர் அவர்களே! சிரிக்காதீர்கள், சற்றுமுன் அவரே என் காதில் ஒப்புக்கொண்டதைத்தான் சொன்னேன்.

முன்வரிசை முழுவதையும் மதியம் வருமுன்பே பிடித்துவிட்ட மூத்த பெருமக்களே! அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டே காதை மட்டும் என் பக்கம் கொடுத்திருக்கும் தாய்மார்களே! பேச்சு எப்போது முடியும், இரண்டாம் கிண்ணம் எப்போது கிடைக்கும் என்று பார்வையாலேயே கேட்கிற இளைய நண்பர்களே! மூன்றாம் வரிசையில், மேசைமேல் தன் வலது கையை விரித்து வைத்து, அந்தக் கைக்குள் மனைவியின் கையை வைத்து அமர்ந்திருக்கும் என் ஆருயிர் நண்பர் ஹாலிஸ் பிராஸ்வெல் அவர்களே! அவருக்கு வலப்பக்கத்தை வாழ்நாள் முழுவதும் யாருக்கும் விட்டுக்கொடுக்காத, கல்யாணமாகியும் இந்த ஊர் மரியாதையில் இன்னும் 'மிஸ்' ஆகவே இருக்கிற அவர் மனைவி மிஸ் வெர்லீன் அவர்களே!

அடுத்து ஒரு விளி இருக்கிறது. ஹாலிஸின் சட்டைக்குள், அவர் நெஞ்சோடு ஒட்டிய பையில், உள்ளங்கை அகலத்தில் ஒரு ரப்பர் பலகை. அந்தப் பலகைக்குள் நரம்பு நரம்பாய், துளித்துளியாய் ஓடுகிற ஓர் உலோகம். அதையும் இந்த அவையில் நான் வரவேற்க வேண்டும். எப்படி வரவேற்பேன்? 'அவர்களே' என்று கைகூப்புவதா? 'அதுவே' என்று கைகாட்டுவதா? விளிக்கும்போதே விழிக்கிறேன் பாருங்கள்! மேடை ஏறும்போது எனக்குக் கால் நடுங்கியதில்லை, இன்றைக்கு நாக்கு நடுங்குகிறது.

வாசல் பலகையில் நம் தலைவர் தன் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார்: 'சனிக்கிழமை மதியம் ஸ்டூ. பிறகு டாக்டர் நாச்சி. அது உயிரா, இல்லையா?' ஸ்டூவில் எனக்கு ஐயமில்லை. நாச்சி நான்தான், அதிலும் ஐயமில்லை. மூன்றாவது வரிக்குத்தான் விடை தெரியாமல் வந்து நிற்கிறேன். தெளிவு தருவாள் என்று நீங்கள் காத்திருக்கிறீர்கள். நானோ குழம்பிய குளமாய் வந்திருக்கிறேன். கறுத்த கூந்தலோடு இந்த ஊருக்கு வந்தவள், நரைத்த தலையோடு உங்கள்முன் நிற்கிறேன். இத்தனை காலத்தில் இப்படி ஒரு குழப்பம் எனக்கு வந்ததே இல்லை.

நண்பர்களே, கணினி என்றால் என்ன? உங்கள் சட்டைப்பையில் இருக்கிற தொலைபேசிக்குள்ளும் உலோகம் இருக்கிறது. ஆனால் அந்த உலோகம் அசையாது. பிறந்த இடத்தில் பிறந்தபடி கிடக்கும், அதன் வழியே மின்சாரம் மட்டும் ஓடும். பழைய சாக்ஸ் ஆலையின் மூன்றாம் மாடியில், எங்கள் ஆய்வுக்கூடத்தில், நாங்கள் வேறொரு வழியைத் தேடினோம். உலோகமே ஓடினால் என்ன? உலோகமே உருமாறினால் என்ன? உலோகமே தன் பாதையைத் தானே தேடிக்கொண்டால் என்ன?

காலியம் என்று ஓர் உலோகம். பார்க்க வெள்ளி, பழக வெண்ணெய்! குளிர்ந்த அறையில் கல்லாய்க் கிடக்கும், கையில் எடுத்து வைத்துக்கொண்டால் உருகி ஓடும். அதை ரப்பர் பலகைக்குள் மெல்லிய உப்புநீரில் விட்டு, மின்சாரத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டினோம். அடிக்கடி மின்சாரம் போகிற பாதையில் உலோகம் தடித்தது. போகாத பாதையில் துளிகளாய் உடைந்து ஒதுங்கியது. நாம் தினமும் நடக்கிற இடத்தில் புல் முளைக்காமல் ஒற்றையடிப் பாதை விழுகிறதல்லவா, அதுபோலத்தான். அது கற்றுக்கொண்டது அத்தனையும் அதன் உருவத்திலேயே இருந்தது. வேறெங்கும் எழுதி வைக்கவில்லை, எழுதி வைக்கவும் முடியாது.

என்ன சொல்கிறீர்கள் பின்வரிசையில்? "ஸ்டூ ஆறுது" என்றா? ஆறட்டும் ஐயா! ஆறினாலும் ஸ்டூ ஸ்டூதான். நான் சொல்லப் போகிற பொருள் ஆறினால் வேறு பொருளாகிவிடும். அதுதான் கதையே!

ஹாலிஸின் வலது கை மரம் அறுக்கிற ரம்ப ஆலையில் போனது. எப்படிப் போனது என்று அவரிடமே கேளுங்கள், ஒவ்வொரு தடவையும் வேறு கதை சொல்வார். ஒருமுறை என்னிடம் கரடி என்றார். அவர் சொல்லாதது ஒன்று உண்டு. இந்தத் தம்பதி மாதாகோயிலுக்குப் போனாலும், மளிகைக் கடைக்குப் போனாலும், மிஸ் வெர்லீன் அவருக்கு வலப்பக்கம் நடப்பார். மிஸ் வெர்லீனின் முழங்கால் வலிக்கு அந்த வலது கைதான் ஊன்றுகோல். கை போன பிறகும் அவர் பக்கம் மாறவில்லை. இல்லாத கைக்குப் பக்கத்திலேயே நொண்டி நொண்டி நடந்தார். இடப்பக்கம் வரச் சொல்லி ஊரே சொன்னது. "அந்தப் பக்கம் எனக்குப் பழக்கமில்லை" என்று முடித்துவிட்டார்.

அந்த மனிதருக்குத்தான் நாங்கள் கை செய்தோம். அவர் முழங்கைத் தசை துடிக்கிற துடிப்பைப் பலகை படித்தது, படித்ததை விரல்களுக்குச் சொன்னது. பலகையில் இருக்கிற அதே உலோகம் விரல் நுனிவரை மெல்லிய இழையாய் ஓடியது. இலையுதிர் காலம் முழுவதும் ஆலை மாடியில் பழகினார். கை ஸ்டூ கிளறும் துடுப்பைப் பிடித்தது, கதவைத் திறந்தது. முட்டையைப் பிடி என்றால் ஆம்லெட் போட்டது. நாங்கள் வாங்கிய முட்டைகளைக் கொண்டு மிஸ் வெர்லீன் கேக் செய்தே ஊருக்கு ஊட்டியிருக்கலாம்.

ஒருநாள் நான் கேட்டேன், "ஹாலிஸ், மிஸ் வெர்லீன் கையை ஒருதடவை பிடிச்சுப் பாருங்களேன்?"

அவர் தலையை ஆட்டினார். "வேணாம் டாக்டர். இப்ப எங்க ரெண்டு பேருக்கும் சேத்து மூணு கை இருக்கு. இதைக் கொண்டுபோய் அவ கையைப் பிடிச்சேன்னா ரெண்டாயிடும்."

சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அவர் அந்தச் செயற்கைக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டதைப் பார்த்தேன். தன் பெண்டாட்டியின் கையைத் தொட அஞ்சுகிற கணவனுக்கு, துடுப்பைப் பிடித்து என்ன, கதவைத் திறந்து என்ன?

பிறகு வந்தது பனிக்கட்டி மழை. உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? மரமெல்லாம் கண்ணாடி, மின்கம்பியெல்லாம் தரையில், சாலையெல்லாம் சறுக்கல். ஊரே இருண்டது, ஊரே உறைந்தது, ஊரே இந்த மண்டபத்துக்கு வந்தது. ஆலை மாடியில் பலகையைச் சூடாக வைத்திருந்த மின்தட்டும் அணைந்துபோனது. காலியம் உறைந்தால் விரியும், விரிந்தால் பலகையைக் கிழிக்கும், கிழித்தால் ஓர் இலையுதிர் காலத்துப் படிப்பும் போகும். அதைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, விழுந்து எழுந்து, எழுந்து விழுந்து, இங்கே வந்து சேர்ந்தேன். வரும்போதே விளிம்பில் வெடிப்பு விட்டிருந்தது.

அடுப்பைச் சுற்றித் தட்டுத்தட்டாய்ச் சாப்பாடு. மிஸ் வெர்லீன் அதன் நடுவில் அரசிபோல் நின்றார். தலைவர் ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். உதவிக்குக் கூப்பிட்டது என்னைத்தான்.

"மிஸ் வெர்லீன், இதைக் கொஞ்சம் பாத்துக்கோங்க. சூடு போயிடக் கூடாது. ஒரு நிமிஷத்துல வந்துடுறேன்."

"சூடு போகாம பாத்துக்கறதை எனக்கே சொல்லித் தர்றியா? கல்யாணமாகி வந்த நாள்லேருந்து இந்த ஹாலுக்குச் சாப்பாடு கொண்டாறவ நான். போ கண்ணு, போய் அந்த மிஷினை நல்லா நாலு உதை விட்டுட்டு வா."

இந்த ஊரில் ஒரு பொருளின் சூடு போகாமல் பார்த்துக்கொள் என்றால், இங்கே பிறந்த எவரும் என்ன செய்வார்கள்? ஆமாம், சத்தமாகச் சொல்லுங்கள்! அலுமினியத் தாளில் சுற்றுவார்கள்! சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சுற்றுவார்கள், சோள ரொட்டியைச் சுற்றுவார்கள், சாவு வீட்டுக்குக் கொண்டுபோகிற பொரித்த கோழியைச் சுற்றுவார்கள். சுற்றாத பொருளை இந்த மண்டபத்துக்குள் கொண்டு வந்தால் வளர்ப்பு சரியில்லை என்று பேசுவார்கள். அந்த அன்போடு, அந்த அக்கறையோடு, மிஸ் வெர்லீன் என் பலகையை இரண்டு சுற்று சுற்றி, மூலையை மடித்து, கிழங்குக்கும் ரொட்டிக்கும் நடுவில் அடுப்போரம் வைத்துவிட்டார்.

ஐயோ, என் அருமைத் தாய்மார்களே! எங்கள் மாடியில் ஒரு கட்டளை உண்டு. அலுமினியம் படியேறக் கூடாது. குளிர்பான டின்னைக்கூடக் கீழேயே வைத்துவிட்டுத்தான் மேலே வர வேண்டும். ஏன்? காலியத்துக்கு அலுமினியம் என்றால் தீராத பசி! தொட்டால் அரிக்கும், அரித்தால் உள்ளே போகும், உள்ளே போனால் உறுதியான அலுமினியமும் உதிரும். உலகத்தில் எத்தனையோ பொருள் இருக்க, அதை எதில் சுற்றக் கூடாதோ அதிலேயே சுற்றி, இளஞ்சூட்டில் வேறு வைத்தார்.

ஜெனரேட்டர் கிளம்பவில்லை. கறுத்த கையோடு திரும்பி வந்தேன்.

"அது எங்க, மிஸ் வெர்லீன்?"

"அதோ, கிழங்குக்குப் பக்கத்துல. குழந்தை மாதிரி தூங்குது."

தொட்டேன். தாள் தாளாக இல்லை, சாம்பலாய் உதிர்ந்தது. உறைந்து வெடித்த விளிம்பின் வழியே உலோகம் கசிந்து, தாளை உண்டு, உண்டதோடு உள்ளே திரும்பியிருந்தது. நான் வாய்விட்டு அலறினேன். மிஸ் வெர்லீன் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. ஹாலிஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மனைவியை ஒரு சொல் சொல்லவில்லை, என்னைத்தான் கேட்டார்.

"போச்சா டாக்டர்?"

"தெரியலை ஹாலிஸ்."

"சரி. தெரிஞ்சா சொல்லுங்க." அவ்வளவுதான் அந்த மனிதர் பேசினார்.

அப்போதுதான் உங்களில் யாரோ ஒருவர் கத்தினார், "மிஸ் நாச்சி! அது மூச்சு விடுது!"

குனிந்து பார்த்தேன். பலகைக்குள் சின்னச் சின்னக் குமிழிகள். குமிழி கிளம்பக் கிளம்ப உலோகத் துளிகள் நகர்ந்தன. மின்சாரம் இல்லை, கம்பி இல்லை, யாரும் ஏவவில்லை. தானாக ஊர்ந்தன, ஒன்றை ஒன்று தொட்டன, சேர்ந்தன, பிரிந்தன. மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது, பலகை மட்டும் மூச்சு விட்டது!

எனக்குக் காரணம் தெரியும். உலோகத்துக்குள் போன அலுமினியம் தண்ணீரைத் தொட்டால் வாயு கிளம்பும், வாயு கிளம்பினால் துளி நகரும். இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கே விளக்கியிருக்கிறேன். காரணம் தெரிந்த பிறகும், அதை எழுப்பிவிடக் கூடாதென்று நான் குரலைத் தாழ்த்திக்கொண்டது ஏன்? அதற்குக் காரணம் தெரியவில்லை!

அடுப்போரம் வைத்தால் ரப்பர் உருகும், விலக்கி வைத்தால் உலோகம் உறையும். இரண்டுக்கும் நடுவே, அளவாய், அணைப்பாய், ஒரு சூடு வேண்டும். அது எங்கே கிடைக்கும் என்று நான் யோசிப்பதற்குள் தலைவர் டூயி தன் இரண்டு கையையும் நீட்டிவிட்டார். "இங்க குடுங்க டாக்டர். நீங்களே வெடவெடன்னு நடுங்குறீங்க."

வெடிப்பைப் பசை வைத்து ஒட்டி, ஒரு துணியில் பொதிந்து கொடுத்தேன். அவர் கை சளைத்ததும் அடுத்தவர் கை. அடுத்தவர் கை குளிர்ந்ததும் அதற்கடுத்தவர் கை. பேச்சுவார்த்தை இல்லாத அண்டை வீட்டுக்காரர்கள்கூட, இதைக் கொடுத்து வாங்குகிற சாக்கில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தீர்கள். உழுத கை, தைத்த கை, எண்ணெய்க் கறை போகாத கை, பால் மணம் மாறாத கை! எத்தனை கை என்று நான் எண்ணவில்லை. மிஸ் வெர்லீன் மட்டும் கடைசிவரை வாங்க மறுத்தார். "நான் தொட்டாலே கெடும்" என்று மூலையில் போய் நின்றுகொண்டார். ஹாலிஸ்தான் பலகையைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தார். மின்சாரம் வருகிறவரை அது அங்கேயே இருந்தது.

இப்போது கேளுங்கள். மறுநாள் ஆலை மாடியில் பலகையைக் கையோடு இணைத்தோம். பழைய படிப்பு போயிருக்கும், பாதையெல்லாம் அழிந்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டுதான் இணைத்தேன். முட்டையைக் கொடுத்தேன். பிடித்தது. உடையவில்லை. இன்னொன்று கொடுத்தேன், உடையவில்லை. ஹாலிஸ் என்னைப் பார்த்தார், நான் ஹாலிஸைப் பார்த்தேன், இரண்டு பேரும் முட்டையைப் பார்த்தோம்.

மிஸ் வெர்லீன் வாசலில் நின்றிருந்தார். யாரும் கூப்பிடவில்லை, வலப்பக்கமாய் வந்தார், தன் கையைத் தானே அந்த விரல்களுக்குள் வைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன், சொல்ல வெட்கமில்லை. திறந்தபோது விரல்கள் மெல்ல மூடியிருந்தன. நெரிக்கவில்லை, நழுவ விடவும் இல்லை.

சிறிது நேரம் கழித்து ஹாலிஸ் மெதுவாகச் சொன்னார், "டாக்டர், நான் விடச் சொல்றேன். அது கேக்க மாட்டேங்குது."

மிஸ் வெர்லீன் அவர் பக்கம் திரும்பினார். "நீ எதுக்கு விடச் சொல்றே?"

கைதட்டுங்கள், தாராளமாகத் தட்டுங்கள்! நானும் அன்று தட்டினேன், தட்டிக்கொண்டே அழுதேன். அழுகை நின்ற பிறகு அறிவு விழித்துக்கொண்டது. பயனாளி 'விடு' என்று சொல்லியும் விடாத கருவி! அதை மறைக்க எனக்கு உரிமையில்லை. எங்கள் ஆய்வுக்கு அனுமதி தந்த மேலிடத்துக்குத் தெரிவித்தேன்.

பார்வையிடக் குழு வந்தது. நல்லவர்கள்தான், நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்காரக்கூடிய நாகரிகமானவர்கள். காரை நிறுத்திவிட்டு ஜனவரிக் குளிர்காற்றில் நடந்து வந்த கையோடு ஹாலிஸுக்குக் கைகொடுத்தார்கள். கை அவர்களைப் பிடிக்கவே இல்லை! தொங்கியது. 'பற்றும் திறன் இல்லை' என்றார்கள். பிறகு காப்பி வந்தது. காப்பிக் கோப்பையைக் கட்டிப் பிடித்திருந்த ஒருவர் இன்னொரு முறை கை நீட்டினார். பிடித்தது. விடவில்லை! மனிதர் இழுக்கிறார், அது இருக்கிறது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஹாலிஸ் கொஞ்சமாவது உதவினாரா? "அதுக்கு உங்களைப் புடிச்சுப்போச்சு சார்" என்கிறார்! ஜன்னல் ஓரம் போய்க் கை ஆறிய பிறகுதான் விட்டது.

இந்தத் திங்கட்கிழமை நான் குழுவின்முன் நிற்க வேண்டும். என் வாய்ச்சொல்லைக் கேட்டுத்தான் முடிவு. அவர்கள் கேட்கிற கேள்வியும் நம் தலைவர் வாசலில் எழுதிய கேள்வியும் ஒன்றுதான். அது கருவியா? கருவி என்றால் கெட்டுப்போன கருவி, திரும்ப வாங்கி அறுத்துப் பார்ப்போம். அது தானே இயங்குகிற ஒன்றா? அப்படியென்றால் மனித உடம்பில் இருக்கக் கூடாது, கழற்றி அறுத்துப் பார்ப்போம். இந்தப் பக்கம் போனாலும் கத்தி, அந்தப் பக்கம் போனாலும் கத்தி! நான் 'உயிர்' என்றாலும் மிஸ் வெர்லீன் கை தனியாகும், 'உயிரில்லை' என்றாலும் தனியாகும்.

என்ன தலைவரே? "இன்னொண்ணு செஞ்சு குடுத்துடுங்க" என்கிறீர்களா? குழுவும் அதைத்தான் சொன்னது. புதுப் பலகை, புது உலோகம், புதுப் படிப்பு. ஆனால் அந்த மழை? அந்த மதியம்? அந்தத் தாள்? உங்கள் கைகள்? அவை எல்லாம் அந்த உலோகத்தின் உருவத்தில் எங்கே எப்படிப் படிந்தன என்று எனக்கே தெரியாது, எதைப் பார்த்து நகல் எடுப்பேன்? மிஸ் வெர்லீனிடம் இதைச் சொன்னபோது அவர் சொன்னார், "என் புருஷனைக் கூட்டிட்டுப் போயிட்டு, அதே உயரத்துல வேற ஒருத்தரை அனுப்பி வைப்பாங்களாமா?" ஹாலிஸ் உடனே, "என்னைவிட உயரமா கேட்டு வாங்கிக்கோ" என்றார். அவர் சிரிக்கவில்லை, மிஸ் வெர்லீனும் சிரிக்கவில்லை.

நான் குழம்பினேன். உயிருக்கு என்ன இலக்கணம் என்று இரவு பகலாய் எண்ணினேன். உண்ண வேண்டும் என்கிறார்கள். உண்டது! நகர வேண்டும் என்கிறார்கள். நகர்ந்தது! தோல் வேண்டும் என்கிறார்கள். காலியத்துக்கு மெல்லிய தோல் உண்டு, கிழித்தால் நொடியில் மூடிக்கொள்ளும். கற்க வேண்டும் என்கிறார்கள். கற்றது, நாங்கள் கற்பிக்காததையும் கற்றது! அப்படியானால்...

யாரம்மா அது, அடுப்பங்கரையில்? "எங்க வீட்டு சோஃபாவுல ஒண்ணு இருக்கு, திங்குது, நகரவே மாட்டேங்குது, அது உயிரா இல்லையா" என்றா? அம்மா, உங்கள் வீட்டுக்காரரை இந்த ஆய்வில் சேர்க்க எனக்கு அனுமதி இல்லை!

சிரியுங்கள், ஆனால் மறுபக்கமும் கேளுங்கள். அது உண்டது பசித்தா? அலுமினியம் கரைவது வேதியியல். அது நகர்ந்தது நினைத்தா? குமிழி தள்ளியது. சூடான கையைப் பிடிப்பது பாசமா? விரல் நுனியில் சூடு பட்டால் உள்ளிருக்கும் உலோகம் இளகும், இளகினால் பாதை அகலும், அகன்றால் பிடி இறுகும். குளிர்ந்தால் எல்லாம் தலைகீழ். இதோ, விளக்கிவிட்டேன். விளக்கிவிட்டேன் அல்லவா? பிறகு ஏன் அது நெரிப்பதில்லை? முட்டைக்கும் மனைவிக்கும் எத்தனை அழுத்தம் என்று அதற்கு யார் சொன்னார்கள்? கரண்டியையும் கதவையும் சொன்னவுடன் விடுகிற கை, மனிதக் கையை மட்டும் விடாதது ஏன்? ஒரு மதியம் முழுவதும் ஓர் ஊரே தன்னைக் கையிலிருந்து கையாய், தவறவிடாமல், நசுக்காமல் வைத்திருந்ததை அது... இல்லை, நான் சொல்ல மாட்டேன். அறிவியல் படித்தவள் அந்த வாக்கியத்தை முடிக்கக் கூடாது. அந்த மண்டபத்தில் நின்றவள் அதை முடிக்காமல் இருக்கவும் முடியவில்லை! என் பாதி ஒன்று சொல்கிறது, மறுபாதி மற்றொன்று சொல்கிறது, இரண்டுக்கும் நடுவில் நான் தூக்கம் கெட்டுத் திரிகிறேன்.

என் அன்பான அவையே! இந்தக் குழப்பத்தோடுதான் இன்று படியேறினேன். உங்களிடம் கைதூக்கச் சொல்லி, பெரும்பான்மை எதுவோ அதையே திங்கட்கிழமை சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் இந்த இடத்தில் நிற்கும்போது அந்த மதியம் நினைவுக்கு வருகிறது. ஹாலிஸ் "போச்சா?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன்? போச்சு என்றா சொன்னேன்? போகவில்லை என்றா சொன்னேன்? "தெரியலை" என்றேன். அதைக் கேட்டு நீங்கள் என்ன செய்தீர்கள்? தெரியாத பொருளை அடுப்பில் எறிந்தீர்களா? தெரியாத பொருளைப் பிளந்து பார்த்தீர்களா? உயிரா என்று கேட்டுவிட்டுத்தான் ஏந்துவோம் என்றீர்களா? கையை நீட்டினீர்கள்! தெரியாமலே ஏந்தினீர்கள், தெரியாமலே காத்தீர்கள், தெரியாமலே அடுத்தவர் கைக்குப் பத்திரமாய் மாற்றினீர்கள்!

தெரியாது என்பது தோல்வியா? தெரியாததைத் தெரிந்ததாய்ச் சொல்வது அல்லவா தோல்வி? திங்கட்கிழமை அந்த நாகரிகமான மனிதர்கள் என்னைக் கேட்பார்கள். கருவியா? தெரியாது என்பேன். உயிரா? தெரியாது என்பேன். எப்போது தெரியும்? தெரியாது என்பேன். தெரிகிற நாள்வரை அதை எங்கே வைப்பது என்று கேட்டால், அதற்கு மட்டும் எனக்கு விடை தெரியும். எந்த நெஞ்சுச் சூட்டில் அது இப்போது இருக்கிறதோ, அங்கேயே! என் வாக்கில்லாமல் அவர்கள் கத்தியை எடுக்க முடியாது. அந்த வாக்கை நான் தர மாட்டேன். ஆய்வுக்கூடத்தை மூடுவோம் என்றால் மூடட்டும், என்னை வீட்டுக்கு அனுப்புவோம் என்றால் அனுப்பட்டும். இத்தனை வருடத்துக்குப் பிறகு என் மேசையைக் காலி செய்வது எளிதில்லை. காலி செய்கிறேன், ஆனால் தர மாட்டேன்!

மிஸ் வெர்லீன், ஏன் எழுந்திருக்கிறீர்கள்? ஹாலிஸ், நீங்களுமா? பேச்சு இன்னும் முடியவில்லை ஐயா! படி வழுக்கும், பார்த்து வாருங்கள்.

என்ன இது, ஸ்டூ ஜாடியா? பேச வந்தவருக்கு ஜாடி கொடுப்பது இந்த மேடையின் வழக்கம், வாங்கிக்கொள்கிறேன். இந்த வருடம் அடிபிடிக்கவில்லையே, யார் கிளறியது? நீங்களா ஹாலிஸ்? இந்தக் கையாலா? தலைவரே, உங்கள் பதவி போனது!

"வாய் வலிக்கப் பேசிட்டீங்க டாக்டர், கையைக் குடுங்க" என்கிறார். கொடுக்காமல் இருப்பேனா? இதோ.

நண்பர்களே... பிடித்துவிட்டது.

ஆமாம், பேசிப் பேசி என் கை கொதிக்கிறது, காரணம் அதுதான். காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். மெதுவாகத்தான் பிடித்திருக்கிறது. வலிக்கவில்லை. "விடச் சொல்லட்டுமா டாக்டர்?" என்று கேட்கிறார். வேண்டாம் ஹாலிஸ், சொல்லாதீர்கள்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கு நன்றி. பரிமாறக் காத்திருக்கும் தாய்மார்களுக்கு நன்றி. தலைமையேற்ற டூயி லாசிட்டர் அவர்களுக்கு நன்றி. அந்த மதியம் நீண்ட ஒவ்வொரு கைக்கும் நன்றி. பேசி முடித்ததும் நான் இரண்டு கைகளையும் குவித்துத்தான் விடைபெறுவேன் என்பது உங்களுக்குத் தெரியும், அதைப் பார்த்து நீங்கள் கேலி செய்வதும் எனக்குத் தெரியும். இன்று என்னிடம் ஒரு கைதான் மிச்சம் இருக்கிறது. மற்றது விடுபட்டதும் மீதி வணக்கத்தைச் சொல்கிறேன். இப்போதைக்குப் பாதி வணக்கம்!